செல்வ நிதியமும் குடிதண்ணீரும்: தீவுகள் எதைச் சேமிக்கின்றன?

02.02.2025 – கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவரின் கேள்வி

மன்னார்க் கடலில் எரிவாயு இருப்பது 2011 இலேயே தெரிந்துவிட்டது. அதை எடுத்து விற்று, சிங்கப்பூரையும் கிரிபட்டியையும் போல அரசு தன் சேமிப்பை முதலீடு செய்து வைக்கும் செல்வ நிதியம் ஒன்றை அமைத்து, அதன் வருமானத்தில் கரையோரமெங்கும் கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்களைக் கட்டினால், தண்ணீர்ப் பிரச்சினையும் டொலர் பிரச்சினையும் ஒன்றாகத் தீர்ந்துவிடுமல்லவா? சின்னஞ்சிறு தீவுகளால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?

02.02.2025, இரவு

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிதியம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று, தண்ணீருக்கு எவ்வகைப் பணம் தேவை என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் இன்று தொடுகிறேன்.

சிங்கப்பூரிடம் எரிவாயுவும் இருக்கவில்லை, உரத்துக்கு உதவும் பொஸ்பேற் மண்ணும் இருக்கவில்லை. அங்கே இரண்டு அரச முதலீட்டு நிறுவனங்கள் பிறந்தன: 1974 இல் அரசுக்குச் சொந்தமான கம்பனிகளை நிருவகிக்கத் தெமாசெக், 1981 இல் ஆண்டுக்கு ஆண்டு விழுந்த உபரியால் சேர்ந்த ஒதுக்கை முதலீடு செய்ய ஜி.ஐ.சி. நமக்கு விழுந்தது பற்றாக்குறை. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராகச் சொல்லப்பட்ட வெளிநாட்டு ஒதுக்கு, 2022 மே மாதத்தில் பயன்படுத்தக்கூடிய அளவில் 50 மில்லியன் டொலருக்கும் கீழே போனதை நாம் எல்லோரும் எரிபொருள் வரிசையில் நின்று அனுபவித்தோம். அந்த ஒதுக்கில் பெரும் பகுதி கடன் வாங்கி வைத்த பணம். 2007 இல் 500 மில்லியன் டொலருடன் தொடங்கிய இறைமைப் பிணைமுறிப் பழக்கத்தின், அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் கடன் பத்திரம் விற்கும் பழக்கத்தின், மிச்சம் அது. கடன் வாங்கிச் சேமிப்பவருக்கு வட்டி கொடுக்கும் வேலைதான் மிஞ்சும்.

மன்னாரைப் பொறுத்தவரை, எரிவாயுவைக் கண்ட நிறுவனமே 2015 இல் விலகிப் போய்விட்டது. கடலடியில் இருப்பதை வருமானமாக எழுதும் பழக்கத்தை அரசியல்வாதிகளுக்கே விட்டுவிடுவோம்.

04.02.2025

சின்னஞ்சிறு தீவுகளால் முடிந்தது என்கிறீர்கள். ஒரே மண்ணை விற்ற இரண்டு பசிபிக் தீவு நாடுகளை எடுத்துப் பாருங்கள்.

கிரிபட்டியின் நிதியம் 1956 இல், பிரித்தானியர் காலத்தில், பனாபா தீவின் பொஸ்பேற் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தொடங்கப்பட்டது. 1979 இல் நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் பொஸ்பேற் தீர்ந்துபோனது. இன்றும் அந்த நிதியம் ஒரு பில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுடன் இருக்கிறது. வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: பனாபா மக்களில் பெரும்பாலோர் 1945 இல் பீஜியின் ராபித் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நிலத்தை இழந்தவர்கள் ஓரிடத்தில், நிலத்தின் பணம் இன்னோரிடத்தில். செல்வ நிதியத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த வரியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நவுறு 1968 இல் சுதந்திரம் பெற்றது. 21 சதுர கிலோமீற்றர் நிலம், அதன் நடுப்பகுதி முழுவதும் பொஸ்பேற். அதன் நம்பிக்கை நிதியமும் உச்சத்தில் ஒரு பில்லியன் அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டியது. மெல்பேர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள், விமானச் சேவை நடத்தினார்கள், 1993 இல் இலண்டனில் ஓர் இசை நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டார்கள். அது சில வாரங்களில் மூடப்பட்டது. நிதியத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கினார்கள். கடன்காரர் வந்து நின்றபோது, 2004 இல், அந்த 52 மாடியும் விற்பனைக்குப் போனது. 2015 இல் அவுஸ்திரேலியா முதலிய கொடையாளர்களுடன் சேர்ந்து புதிதாக ஒரு நிதியத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

தண்ணீருக்கு வருவதற்கு முன் ஒரு குறிப்பு. பொஸ்பேற் ஏற்ற வந்த கப்பல்கள் ஒரு காலத்தில் நவுறுவுக்குக் குடிதண்ணீரும் கொண்டுவந்தன. மண் போகும், தண்ணீர் வரும். மண் தீர்ந்தால் கப்பலுக்கு அங்கே என்ன வேலை?

05.02.2025

ஒரே மூலப்பொருள், ஏறத்தாழ ஒரே அளவு பணம், முடிவு மட்டும் வேறு. தொகை இதை விளக்காது. நிதியத்திலிருந்து பணம் எடுக்கும் விதிதான் விளக்கும். இவ்விடயத்தில் எனக்குப் பிடித்தது இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலுவின் ஏற்பாடு. 1987 இல் சுமார் 27 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருடன் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகியவை பெரும் பங்கு கொடுத்தன. அதற்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. முதற் கணக்கில் மூலதனம் கிடக்கும். பணவீக்கத்துக்கு ஏற்ப அதன் உண்மைப் பெறுமதி காக்கப்பட வேண்டும். அந்தப் பெறுமதிக்கு மேலே வளர்ந்த பகுதி மட்டுமே இரண்டாவது கணக்குக்கு மாறும். அரசாங்கம் கைவைக்கக்கூடியது இரண்டாவதில் மட்டும். சந்தை விழுந்த ஆண்டில் முதற் கணக்கிலிருந்து ஒன்றும் வழியாது; அரசாங்கம் இரண்டாவதில் முன்பு தேங்கியதைக் கொண்டு சமாளிக்க வேண்டும்.

கணக்காளர் அல்லாத எனக்கும் இது உடனே விளங்கியதற்குக் காரணம், நான் வேலை பார்த்தது தண்ணீரில். அதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

05.02.2025, சிறு சேர்க்கை

ஊழியர் சேமலாப நிதியத்தையே செல்வ நிதியமாக மாற்றலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாற்ற முடியாது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் கட்டிச் சேர்ந்த பணம் அது. அரசு அதற்குக் காவலாளி மட்டுமே. காவலாளி வீட்டுக்காரராகப் பாவனை செய்ததால் வந்த வினையை 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் பார்த்தோம்.

09.02.2025

பவளத்தீவிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலும் நிலத்தடி நன்னீர் ஒரே விதமாகத்தான் கிடக்கிறது. மழைநீர் இறங்கி, அதைவிடக் கனமான உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பழைய, இன்றும் பயன்படுகிற கணக்கு. அதைத் திருப்பிப் படித்தால் பயம் வரும்: மேலே ஒரு மீற்றர் இறைத்து இறக்கினால், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 மீற்றர் ஏறி வரும். ஆகவே கிணற்றில் எவ்வளவு தண்ணீர் தெரிகிறது என்பது ஏமாற்றும் அளவுகோல். பருவமழை எவ்வளவு ஊட்டியது, நாம் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு வேகமாக எடுத்தோம் என்பவையே கணக்கு.

துலா மிதித்து இறைத்த காலத்தில் எடுக்கும் வேகத்துக்கு மனிதக் கால்களே எல்லை வகுத்தன. இறைப்பு இயந்திரம் வந்ததும் அந்த எல்லை போயிற்று. தோட்டக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியது. கிரிபட்டியின் தலைநகரப் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் பொன்றிக்கியில் ஆழ்கிணறு தோண்டவில்லை. நிலத்தடி நீரின் மேல் மட்டத்தை ஒட்டிக் கிடையாகத் துளைக்குழாய்களைப் புதைத்து, மேலாக மட்டும் வடித்தெடுக்கிறார்கள். மேலே நிற்பதை மட்டும் எடுத்து, கீழே கிடப்பதைத் தொடாத இந்தக் குழாயை நிதியத்துக்கு அருகே வைத்துப் பார்த்தால், துவாலுவின் இரண்டு கணக்குகளை ஏன் மெச்சினேன் என்பது புரியும்.

10.02.2025

வில்லையின் எல்லைக்குள் எடுத்தாலும் சுத்திகரிக்க வேண்டுமே என்று ஒருவர் கேட்கிறார். ஆம். ஆனால் சுத்திகரிப்பை ஒற்றை மந்திரமாகப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு படியும் குறிப்பிட்ட ஒன்றைத்தான் நீக்கும், மற்றதைத் தொடாது.

களனி கங்கை மழைக்காலத்தில் தேநீர் நிறத்தில் வரும். அந்தக் கலங்கலில் உள்ள நுண்துகள்கள் மறை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் நாட்கணக்கில் வைத்தாலும் அடியில் தங்கா. படிக்காரம் போட்டால் அந்த மின்னேற்றம் தணிந்து, அலுமினியம் ஐதரொட்சைட்டின் பஞ்சு போன்ற திரளுக்குள் துகள்கள் சிக்கிக் கனத்துக் கீழே இறங்கும். நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்ததும் இதே காரியத்துக்குத்தான்.

எவ்வளவு போடுவது? இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ஜார் டெஸ்டில் உண்டு. ஆறு கண்ணாடிக் குவளைகளில் அந்த நேரத்து ஆற்று நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிக்காரத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், முதலில் ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் துடுப்புகளைச் சுழலவிட வேண்டும். சுழற்சி குறைந்த சிறிது நேரத்தில் ஏதோ ஒரு குவளையில் ஊசிமுனை அளவில் வெள்ளைத் திரள் தோன்றும். அடுத்ததில் அது மிளகளவுக்குப் பெருக்கும். கடைசிக் குவளைகளில் அளவு மிஞ்சிப் போய் மறுபடி கலங்கும். துடுப்பு நின்றதும் திரள் இறங்குகிற வேகத்தை விளக்கொளியில் பார்த்து அளவைத் தீர்மானிப்போம். வெள்ள இரவுகளில் ஒரு முறை எடுத்த தீர்மானம் விடியும்வரை தாங்காது. ஆறு மாறிக்கொண்டே இருக்கும். அதோடு, ஒரு மில்லிகிராம் படிக்காரம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். காரத்தன்மை குறைந்த நீரில் சுண்ணாம்பும் கூடவே போகாவிட்டால் நீரின் அமில-கார அளவான பி.எச். சரிந்து, திரளே உருவாகாது.

பிறகு படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, கடைசியில் குளோரின். இந்த ஒழுங்கு தற்செயலானதல்ல. கலங்கல் நீரில் குளோரின் போட்டால் அது அழுக்கோடு சண்டை பிடித்துத் தீர்ந்துவிடும், கிருமி துகளுக்குள் ஒளிந்து தப்பும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பி.எச். 8 க்குக் கீழே, குறைந்தது 30 நிமிடத் தொடர்பு, அதன் பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சக் குளோரின். பி.எச். 7.5 அளவில் குளோரினில் பாதிதான் வலிமையான வடிவத்தில் இருக்கும், 8.5 க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குதான்.

இத்தனை படிகளில் ஒன்றுகூட உப்பைத் தொடாது. வறட்சியில் களனியின் நீர்மட்டம் விழுந்து, மணல் அகழ்ந்து பள்ளமான ஆற்றுப்படுகை வழியாகக் கடல்நீர் அம்பத்தலை நீர் நிலையத்தின் பக்கம் ஏறிய காலங்களில், மணல் மூட்டைகளை ஆற்றின் குறுக்கே அடுக்கித்தான் தடுத்தார்கள். கொழும்பின் பெரும் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலையத்துக்கு அன்று மூட்டையே காவல்.

16.02.2025

இனி உப்பை நீக்கும் வழி. உப்பை விடாத மென்சவ்வு ஒன்றின் வழியே கடல்நீர் நன்னீரைத் தன் பக்கம் இழுக்கும்; அந்த இழுப்பான சவ்வூடு அமுக்கம் சுமார் 27 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம்). அதை வென்று, உபயோகமான வேகத்தில் நன்னீரை மென்சவ்வுக்கு அப்பால் தள்ளுவதற்கு 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறோம். உள்ளே போகும் கடல்நீரில் 40, 45 வீதம்தான் நன்னீராக வெளிவரும்; மீதி இன்னும் உப்பாகிக் கடலுக்குத் திரும்பும். நல்ல நிலையத்திலும் ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. மூன்றரை அலகு என்று வைத்தாலும், முழு அளவில் ஓடும் நாளில் 84,000 அலகு. யாழ்ப்பாணத்துக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நைத்திரேற்றும் உவரும் ஏறிய கிணறுகளை நம்பியிருக்கும் குடாநாட்டுக்கு அது தேவை. ஆனால் கட்டி முடித்த நாளில் செலவு தொடங்குகிறது, முடிவதில்லை. மென்சவ்வு, உயர் அமுக்கப் பம்பின் உதிரிப்பாகம், படிமானத்தைத் தடுக்கும் இரசாயனம், எல்லாம் டொலர்.

மாலைதீவின் தலைநகர் மாலேயைப் பாருங்கள். நெருக்கமாகக் குடியேறிய அந்தத் தீவில் நன்னீர் வில்லை கெட்டுப்போனதால் 1988 முதலே நிலையத்தில் நன்னீராக்கிய கடல்நீரைத்தான் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு தலைநகரமே குழாயைத் திறந்து பார்த்துவிட்டு நின்றது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. வங்கியில் எவ்வளவு கிடந்தாலும் அந்த வாரத்தில் அதைக் குடிக்க முடியாது.

17.02.2025

நேற்றையதைத் தொடர்ந்து, என் காலத்து அனுபவம். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். படிக்காரக் கரைசலை அளந்து விடும் பம்பின் உள்ளே கைப்பிடி அகலத்தில் ஒரு இறப்பர்த் தகடு இருக்கும். அது கிழிந்தால் பம்பு மூச்சு வாங்கும், அளவு தவறும். புதுத் தகட்டுக்கு எழுதிப் போட்டோம். அது மீண்டுவரும் செலவு, அந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதே மாதத்தில் மூலதனச் செலவின் கீழ் ஒரு புதுப் பம்பு முழுசாக வந்து இறங்கியது. ஆனால் அதன் இணைப்பு விட்டம் நம் குழாய்க்குப் பொருந்தவில்லை. பல மாதங்கள் நாங்கள் கரைசலை வாளியால் அளந்து ஊற்றினோம். புதுப் பம்பு பெட்டியோடு மூலையில் இருந்தது; அதன்மேல் கெட்டிலை வைத்துத் தேநீர் போட்டோம்.

கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், நாடா வெட்டுவதற்கு அமைச்சர் கிடைப்பார். தகட்டுக்கு யாரும் கிடைக்கமாட்டார். கொட்டாஞ்சேனை நண்பரின் திட்டத்தில் நான் காண்கிற ஓட்டை இதுதான். அவர் நிதியத்தின் பணத்தைப் பராமரிப்புக்கு அல்ல, புதிய நிலையங்களைக் கட்டுவதற்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்.

18.02.2025

குளோரினை உள்நாட்டிலேயே செய்யலாமே என்று கேட்டிருந்தார்கள். செய்தோம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். யுத்தம் அதை முடித்தது. பிறகு அதே பெயரில் இயங்கிய நிறுவனம் குளோரினை இறக்குமதி செய்து விநியோகித்தது. இதற்குமேல் எழுதினால் இழை வேறு பக்கம் போய்விடும்.

23.02.2025

வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியிலும் ஒரு குட்டிச் செல்வ நிதியம் இருந்தது. ஒவ்வொரு வீடும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையை ஒதுக்கு நிதிக்குக் கட்டும். லிஃப்ட், நிலக்கீழ்த் தாங்கி, பம்பு ஆகியவற்றுக்கு என்று யாப்பிலேயே எழுதியிருக்கிறது. நல்ல தொகை சேர்ந்ததும் குழுவுக்குக் கை அரிக்கத் தொடங்கியது. முகப்புக்கு நிறம் பூசினார்கள், வரவேற்பு மண்டபத்துக்குக் கிரனைட் பதித்தார்கள். பொதுக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம். கிரனைட் உண்மையிலேயே அழகாக இருந்தது. பிறகு தைப்பொங்கலுக்கு முதல் நாள் பம்பு எரிந்தது. ஆறாம் மாடி அன்ரி வாளியோடு படியிறங்கி வந்து, பளபளத்த கிரனைட்டில் நின்றுகொண்டு செயலாளரிடம் கேட்டவற்றை இங்கே எழுத முடியாது.

இப்போது யாப்பைத் திருத்தியிருக்கிறோம்: ஒதுக்கு நிதியிலிருந்து எடுக்க மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர் கையொப்பம் வேண்டும், எடுத்ததை ஓராண்டுக்குள் நிரப்ப வேண்டும்.

02.03.2025

விதிகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

சிங்கப்பூரில், ஒதுக்குகளிலிருந்து எதிர்பார்க்கப்படும் நீண்டகால உண்மை வருவாயில் அரசாங்கம் அதிகபட்சம் பாதியைத்தான் வரவு செலவுத் திட்டத்துக்கு எடுக்கலாம். முன்னைய அரசாங்கங்கள் சேர்த்த ஒதுக்கைத் தொடுவதற்கு மக்கள் தெரிவுசெய்த சனாதிபதியின் இணக்கம் வேண்டும். 2009 நெருக்கடியில் அப்படி எடுத்ததை 2011 இல் திருப்பி வைத்தார்கள். எடுக்கும் விதியை எல்லோரும் பேசுகிறார்கள். திருப்பி வைக்கும் பழக்கத்தை யாரும் பேசுவதில்லை.

ட்ரினிடாட் 2007 இல் தன் நிதியத்தைச் சட்டமாக்கியது. எண்ணெய், எரிவாயு வருமானம் மதிப்பீட்டைவிடக் குறைந்தது 10 வீதம் விழுந்தால்தான் எடுக்கலாம் என்பது அந்தச் சட்டத்தின் மூல விதி; 2020 இல் அவசரநிலைகளுக்கென்று அதைத் தளர்த்தினார்கள். அதுவும் பற்றாக்குறையில் 60 வீதம் அல்லது நிதியத்தில் 25 வீதம், எது குறைவோ அது. மிச்சம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலருக்குக் கீழே போகக்கூடாது. நிதியமே அமெரிக்க டொலரில் இருக்கிறது. அங்கே பொயின்ட் லீசாஸில் 2002 முதல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் ஓடுகிறது. அந்த நீரின் விலையும் டொலர்தான். எந்த நாணயத்தில் செலவு வருமோ அந்த நாணயத்தில் சேமிப்பு இருக்க வேண்டும் என்பதை அவர்களைப் பார்த்தாவது நாம் கற்றிருக்கலாம்.

03.03.2025

மேலே துவாலுவைப் புகழ்ந்ததற்கு ஒரு வரம்பு இட வேண்டும். 2011 செப்டம்பர் இறுதியில் வறட்சியால் அந்நாடு அவசரநிலையை அறிவித்தது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நன்னீராக்கும் இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்தன. ஒழுங்கான நிதியம் அப்போது இருந்தது, இரண்டு கணக்குகளும் இருந்தன. கூரை மழைநீரைப் பிடிக்கும் தாங்கிகள் போதவில்லை. ஆகவே எடுக்கும் விதி நல்லதாக இருப்பது அவசியம், அது போதுமானதல்ல. நிதியத்தின் ஒரு பகுதி பணமாக இல்லாமல் தாங்கியாகவும் குழாயாகவும் உதிரிப்பாகமாகவும் முன்கூட்டியே மாறியிருக்க வேண்டும்.

09.03.2025

அப்படியானால் நமக்கு என்னதான் செய்யலாம் என்று மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். பெரிய செல்வ நிதியம் இப்போது வேண்டாம். உபரி இல்லாத நாட்டில் அது பெயர்ப்பலகை மட்டுமே. ஆனால் நீர் வழங்கலின் பராமரிப்புக்கு மட்டும், சிறியதாக, டொலரில், திறைசேரியின் பொதுக் கணக்குக்கு வெளியே ஒரு நிதியத்தைத் தனிச் சட்டத்தால் அமைக்கலாம். நீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு அதற்குள் போகட்டும். புதிய நிலையம் கட்டக் கடன் கொடுப்பவர், கட்டடத்தோடு பத்தாண்டு உதிரிப்பாகத்துக்கான பங்கையும் அதில் வைக்கட்டும். கட்டுமானத்துக்கு அதிலிருந்து ஒரு சதமும் கிடையாது.

கட்டணத்தில் கைவைத்தால் ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்ற மறுப்பு நியாயமானது. குறைந்த அளவு பாவிப்போரின் கட்டணப் படிகளைத் தொடாமல், மேற்படிகளிலும் வணிகப் பாவனையிலும் மட்டும் அறவிட வேண்டும்.

அதன் காலாண்டு அறிக்கையில் டொலர்த் தொகை இரண்டாவது பக்கத்தில் வரட்டும். முதற் பக்கத்தில், ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை நாளுக்குக் குளோரின், இத்தனை நாளுக்குப் படிக்காரம், இத்தனை மென்சவ்வு, இத்தனை பம்புத் தகடு கையிருப்பில் உள்ளன என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, பாராளுமன்றத்துக்கு அனுப்பும் அன்றே நிலைய வாசலிலும் ஒட்ட வேண்டும். குளோரின் 90 நாளுக்குக் கீழே இறங்கினால் கொள்வனவு உத்தரவு எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் தானாகவே போகும் என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம்.